சாவுக்குத்துக்கு விளக்கம் கேட்ட சனிக்கிழமை

சனிக்கிழமை மாலை நாலு மணி இருபத்து மூன்று நிமிடம். ஸ்டுடியோ சுவரில் சிவப்பு எண்கள் ஓடும் கடிகாரத்தில் அந்த நேரத்தைப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு முந்தைய நொடி வரை, இந்த வாரம் நிகழ்ச்சி நன்றாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பண்பலை வானொலிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். மதுரையில் ஒரு தனியார் நிலையத்தில் பதினெட்டு ஆண்டுகள் பாட்டுத் தேர்வுப் பொறுப்பில் இருந்தேன். போன வருடம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். இப்போது காலையில் நிதானமாகக் காபி குடிக்கிறேன், மாலையில் நடக்கப் போகிறேன், யாருடைய பாட்டுக்கும் பெயர் வைக்க வேண்டியதில்லை. நிம்மதியாகத்தான் இருக்கிறேன். ஆனாலும் மகள் ஸ்கூட்டர் சாவியை எடுக்கும் சத்தம் கேட்டால் கை தானாக மணி பார்க்கிறது. அதற்கு அந்தச் சனிக்கிழமைதான் காரணம்.

பாட்டுத் தேர்வு என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பாட்டும் ஏதாவது ஒரு பெயரின் கீழ் கணினிக்குள் போக வேண்டும். மெலடி, பக்தி, கானா, குத்து என்று. எந்த நேரத்தில் எது ஒலிக்கும் என்பது அந்தப் பெயரைப் பொறுத்தது. மற்ற வகைகளில் பெரிய சண்டை வந்ததில்லை. குத்தில் மட்டும் பதினெட்டு வருடமும் சண்டைதான்.

நான் சேர்ந்தபோது குத்துக்கு எங்களிடம் விதி இருந்தது. தவில் ஒலிக்க வேண்டும், தாளம் ஆறு எண்ணிக்கையில் ஓட வேண்டும், கேட்கிறவருக்குத் தோள் அசைய வேண்டும். ஐந்தாறு வருடத்தில் தவில் போய் ரிதம் பேட் வந்தது. விதியில் தவிலை மேளம் என்று மாற்றினேன். அப்புறம் மேளமே பின்னால் போய், கார் கண்ணாடி அதிரும் பேஸ் முன்னால் வந்தது. அந்த வரியையே அடித்தேன். கடைசியில் நாலு எண்ணிக்கையில் வரும் பாட்டைத் திருவிழா மேடைகளில் குத்து என்றே ஆட ஆரம்பித்தார்கள். தாள வரியையும் அடித்தேன். மிச்சம் இருந்தது தோள் அசைவது ஒன்றுதான். ஒரே பாட்டு என் பட்டியலில் மூன்று முறை இடம் மாறியிருக்கிறது. முதலில் குத்து, பிறகு பழைய குத்து, பிறகு கிட்டத்தட்ட மெலடி. அந்தப் பாட்டில் ஒரு அடி மாறவில்லை. அதற்குப் பின்னால் வந்த பாட்டுகளின் சத்தம் கூடக்கூட, அது தானாக மெல்லிய பாட்டாகிவிட்டது.

இந்தச் சண்டையையே நிகழ்ச்சியாக்கலாம் என்று சொன்னவன் தினா. அப்போது எங்கள் நிலையத்தில் மாலை நேரத் தொகுப்பாளன். சனிக்கிழமை நாலிலிருந்து ஐந்து வரை, வாரத்துக்கு ஒரு பாட்டை எடுத்து, இது குத்தா இல்லையா என்று நேயர்களைப் பேசவிடுவது. நான் தயங்கினேன். ஒலிப்பதிவைப் பார்த்துக்கொண்ட சலீம் பாய் சிரித்தார்.

"இதுக்கு எதுக்கு மேடம் ஒரு மணி நேரம்? கேட்டவன் லுங்கிய மடிச்சுக் கட்டுனா குத்து. கட்டலேன்னா இல்ல. முடிஞ்சுபோச்சு."

"பேன்ட் போட்டிருந்தா பாய்?" என்றான் தினா.

"அவனுக்கு எதுக்குப்பா குத்து?"

நிகழ்ச்சி பிடித்துக்கொண்டது. ஆறு மாதத்தில், வாரத்தில் அதிகம் பேர் எங்களைக் கேட்ட மணி நேரம் அதுதான். திருமங்கலம் பேருந்து நிலையத்துக் கடைகளில் அந்த நேரத்தில் எங்களைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று விளம்பரப் பிரிவினர் வந்து சொல்லும் அளவுக்கு.

அந்த வாரத் தலைப்பு சாவுக்குத்து. தாங்க முடியாத வேகத்தில் போகும் பாட்டைப் பையன்கள் அப்படிச் சொல்வார்கள். சாவு வீட்டில் அடிக்கும் பறையிலிருந்து வந்த பெயர். கல்யாண வரவேற்பில் போய், "அண்ணே, ஒரு சாவுக்குத்து போடுங்க" என்று கேட்பதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. இதைத் தனி வகையாகப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று தினா பல நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தான். சரி, நேயர்கள் விளக்கம் சொல்லட்டும், சொன்னால் சேர்க்கிறேன் என்றேன். இறப்பை வைத்து ஒரு பெயர் இருக்கிறது, அந்தப் பெயருக்குப் பின்னால் இன்றும் மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. எனக்கு அது ஒரு பட்டியல் பிரச்சினை.

எங்கள் முறையைச் சொல்லிவிடுகிறேன். அழைப்புகளை நேரடியாக விடமாட்டோம். ஒரு பாட்டு ஓடும் நேரத்தில் தினா நேயரிடம் பேசுவான், சலீம் பாய் பதிவு செய்வார். பதிவோடு ஒரு துண்டுச் சீட்டும் என் மேசைக்கு வரும். அதில் நேயரின் பெயர், ஊர், எண், கீழே சலீம் பாய் கையெழுத்தில் ஒரு சொல்: விடு, வெட்டு, அல்லது வேண்டாம். நான் கேட்டு, வெட்ட வேண்டியதை வெட்டி வரிசையில் வைத்தால் அடுத்த பாட்டு முடிந்ததும் அது ஒலிபரப்பாகும். அந்தச் சீட்டுதான் எங்கள் கதவுக்குத் தாழ்ப்பாள்.

முதலில் மேலூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவன்.

"அண்ணே, வேகத்த மீட்டர் வச்சா பாக்க முடியும்? நெஞ்சுல இடிக்கணும். இடிக்கலேன்னா அது சும்மா குத்து."

"மாப்ள, நெஞ்சுல இடிச்சா அது லவ்வாக்கூட இருக்கலாம்."

"அதுல எத்தனை பேரு செத்திருக்கான். சேத்துக்கங்கண்ணே."

அடுத்து அண்ணாநகரிலிருந்து ஓர் ஆசிரியை. பெயரை மாற்றச் சொன்னார். தங்கையின் கல்யாணத்தில் யாரோ மைக்கில் அந்தப் பெயரைச் சொல்லப்போய் மாமியார் பந்தியை விட்டு எழுந்து போய்விட்டாராம். "மாமியார் எந்திரிச்சுட்டாங்கன்னா பாட்டு நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம் டீச்சர்" என்றான் தினா. அவரும் சிரித்துவிட்டார்.

மூன்றாவதாகக் கருப்பையா. பேரையூர்ப் பாதையில் ஒரு கிராமம். காற்று ஒத்துழைத்தால்தான் அந்தப் பக்கம் எங்கள் நிலையம் தெளிவாகக் கேட்கும். அவர் பறை அடிப்பவர், அதோடு சொந்தமாக இரண்டு ஏக்கரில் மக்காச்சோளம் போடுகிறவர். முன்பும் சில முறை பேசியிருக்கிறார், நிதானமான ஆள்.

"வேகத்துல என்னங்க இருக்கு? வாசல்ல ஒரு அடி இருக்கு. சொந்தபந்தம் வந்து இறங்க இறங்க மெதுவா அடிக்கிறது. தூக்கிட்டுப் போறப்ப ஒரு அடி. தெரு முக்குல எளவட்டப் பயலுக ஆடணும்னு நிப்பாய்ங்க, அதுக்கு ஒரு அடி. பாட்டுக்காரங்க அந்த முக்கு அடிய மட்டும் எடுத்துக்கிட்டாங்க. அதான் உங்களுக்கு வேகமாத் தெரியுது."

"அப்ப சினிமாக்காரங்க உங்ககிட்ட திருடிட்டாங்கங்கறீங்களா அண்ணே?"

"திருட்டு என்ன திருட்டு. அவங்க எடுத்தாங்க, கொஞ்சம் மாத்துனாங்க. எங்க பயலுக அதக் கேட்டுட்டு வந்து திருப்பி அடிக்கிறாய்ங்க. அதுக்கு எங்ககிட்ட சினிமா அடின்னே பேரு இருக்கு. இப்ப எது யாருதுன்னு நீங்கதான் பட்டியல் போட்டுச் சொல்லணும்."

நான் ஹெட்போனுக்குள் சிரித்தேன். பதினெட்டு வருடம் நான் செய்த வேலையை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். ஆனால் பதிவு நாலு நிமிடத்துக்கு மேல் இருந்தது. வாசல் அடியையும் தூக்கும் அடியையும் வெட்டி, முக்கு அடியை மட்டும் வைத்து ஒன்றரை நிமிடமாக்கி அனுப்பினேன். நானும் பாட்டுக்காரர்கள் செய்ததையேதான் செய்தேன் என்று அப்போது உறைக்கவில்லை.

பதிவின் வாலைச் சரிபார்ப்பது என் வழக்கம். அவர் "வச்சிர்றேங்க" என்று சொன்ன பிறகும் லைன் இரண்டு வினாடி திறந்திருந்தது. அந்த இரண்டு வினாடியில், தூரத்தில், ஒரு பெண் குரல்: "அண்ணே, சூடு போதும், தொட்டுப் பாத்தேன்."

என் மகள் நிவேதாவின் குரல். கடிகாரத்தில் நாலு இருபத்து மூன்று.

அவள் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. காட்சித் தொடர்பியல். சனிக்கிழமை சிறப்பு வகுப்பு என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் போயிருந்தாள். நான்குவழிச் சாலைப் பக்கமே ஸ்கூட்டரைக் கொண்டுபோகக் கூடாது என்பது என் கட்டளை. அதற்கு முந்தைய வருடம் எங்கள் எதிர்வீட்டுப் பையன் கப்பலூர்ப் பக்கம் விழுந்து நாலு மாதம் படுக்கையில் கிடந்தான். அவன் அம்மாவோடு மருத்துவமனை வராந்தாவில் நானும் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சாலையைத் தாண்டி, திருமங்கலத்தையும் தாண்டி, என் மகள் எங்கோ ஒரு வீட்டில் நெருப்பில் காட்டிச் சூடேற்றிய பறைத் தோலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

திரும்பக் கேட்டேன். இன்னொரு முறை கேட்டேன். அவளுடைய எண்ணை அழைத்தேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தினா என் முகத்தைப் பார்த்துவிட்டான். மைக்கை அணைத்துவிட்டு இன்டர்காமில் பேசினான்.

"என்ன மேடம்?"

"கருப்பையா பேசுன பதிவுல பின்னாடி நிவி குரல் கேக்குது."

"திட்டாதீங்க மேடம். காலேஜ் புராஜெக்டுக்குக் குத்தப் பத்திப் பதினஞ்சு நிமிஷம் பண்ணுதாம். அண்ணன் நம்பர நான்தான் குடுத்தேன். உங்ககிட்டச் சொல்லிட்டேன்னு சொல்லுச்சு."

இதற்குள் கருப்பையாவின் ஒன்றரை நிமிடம் ஒலிபரப்பாகி, அதைக் கேட்டுவிட்டு அழைத்த ஒருவரின் பதிவையும் சீட்டையும் சலீம் பாய் என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சீட்டின்மேல் நான் என் போனை வைத்துவிட்டேன். வரிசையில் அடுத்த இடம் காலியாக இருந்தது. பாட்டு முடிய முப்பது வினாடி. ஹெட்போனில் அந்தப் பதிவின் ஆரம்பத்தைக் கேட்டேன், "வணக்கம்ணே, ரொம்ப நாளா ட்ரை பண்றேன்" என்று ஒரு குரல். சரி, வழக்கமான ஆள். வரிசையில் தள்ளிவிட்டு மறுபடி நிவியை அழைத்தேன்.

அது காற்றில் போனபோது நான் போனைக் காதில் வைத்திருந்தேன். முதலில் எனக்குப் புரிந்தது சலீம் பாய் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த சத்தம்தான். பிறகுதான் ஒலிபெருக்கியில் அந்த நேயரின் குரல்.

"ஏம்ப்பா, வாசலுக்கு வெளிய நின்னு அடிக்கிற ஆளுகள எல்லாம் ரேடியோவுக்குள்ள ஏத்திவிட்டா இப்படித்தான் பேசுவாய்ங்க. அவனுக்கு என்ன தெரியும் பாட்டப் பத்தி. அடிச்சமா, வாங்குனமா, போனமான்னு இருக்கணும்."

அதன் பின்னாலேயே தினாவின் சிரிப்பு. "ஹாஹா, சரிங்கண்ணே, சரிங்கண்ணே." கோபக்காரரை மேலும் பேசவிடாமல் லைனை வைக்க அவன் எப்போதும் சிரிக்கும் சிரிப்பு அது. வெட்டிவிடப் போகும் பதிவு என்ற தைரியத்தில் சிரித்தது. காற்றில் கேட்கும்போது ஒப்புக்கொண்டு சிரித்தது போலவே இருந்தது.

போனை எடுத்துப் பார்த்தேன். அடியில் சீட்டு. வேண்டாம் என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார் சலீம் பாய்.

புதியவர்களே, இந்த வேலையில் தவறு நடக்கும் இடம் கவனம் குறைந்த இடம் என்று சொல்வார்கள். என் அனுபவம் வேறு. அன்று எனக்குக் கவனம் குறையவே இல்லை. வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் எதையும் கேட்டதில்லை. தவறான பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். மனதுக்கு நெருக்கமான ஏதாவது மேசைக்கு வந்துவிட்டால், உடனே எழுந்து பக்கத்தில் இருப்பவரை உட்காரச் சொல்லுங்கள். இரண்டையும் சமாளிப்பேன் என்று நினைக்காதீர்கள்.

நிலைய மேலாளர் வீட்டிலிருந்து அழைத்தார். "விட்டுருங்க. அடுத்தடுத்து மூணு பாட்டப் போடுங்க. நாம பேசுனாத்தான் பெருசாகும்." அவர் கெட்டவர் இல்லை. மூன்று பாட்டில் நிறைய விஷயங்கள் அமுங்கிப் போவதை நானும் பார்த்திருக்கிறேன்.

சீட்டுகளில் தேடி, கருப்பையாவின் எண்ணை எடுத்து அழைத்தேன். உடனே எடுத்தார். பின்னால் எங்கள் நிலையத்தின் விளம்பர இசை ஓடிக்கொண்டிருந்தது. ஆக, வீட்டில் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.

"சொல்லுங்க" என்றார்.

"அண்ணே, ரேடியோ ஸ்டேஷன்ல இருந்து பேசுறேன். என் பொண்ணு நிவேதா அங்கதான் இருக்காளா?"

பின்னால் விளம்பர இசையின் சத்தம் குறைந்தது.

"உங்க பிள்ளையா? இருக்குதுங்க. நல்லாத்தான் இருக்குது."

லைன் போய்விட்டது. அவர் வைத்தாரா, நான் வைத்தேனா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. சலீம் பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், நடந்ததப் பத்தி அவருகிட்ட நீங்க ஒண்ணும் சொல்லலயே."

பதிவைத் தப்பாக விட்டது கைத்தவறு. இது வேறு. ஒரு மனிதரை அவர் வீட்டுக்குள்ளேயே, அவர் பெண்டாட்டி முன்னால், வெளியில் நிற்கிறவர் என்று எங்கள் அலைவரிசை சொல்லியிருக்கிறது. அவரிடம் நான் முதலில் கேட்டது என் மகளைப் பற்றி. அதுகூடப் பரவாயில்லை, எந்தத் தாயும் கேட்பாள் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் கேட்டபோது எனக்கு இருந்த பயம் சாலையைப் பற்றியது இல்லை. கோபத்தில் அந்த வீட்டுக்காரர்கள் என் பெண்ணை என்ன செய்வார்களோ என்ற பயம். பேசியவனைப் பார்த்து நான் பயப்படவில்லை. பேச்சு வாங்கியவரைப் பார்த்துப் பயந்தேன். "நல்லாத்தான் இருக்குது" என்று அவர் சொன்ன விதத்தில், அந்தப் பயம் அவருக்கும் கேட்டுவிட்டது என்று புரிந்தது.

நாலு மணி முப்பத்தெட்டு. தினா ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தான். யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் நிலையம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறது.

சலீம் பாய் வாங்கிப் படித்தார். "யாருடைய மனமாவதாம். பேரு, ஊரு, நம்பரு எல்லாம் சீட்டுல எழுதியிருக்கேனே, யாருன்னு தெரியாதா நமக்கு?"

"மேனேஜர் மூணு பாட்டு போடச் சொன்னாரு" என்றான் தினா.

"ஒண்ணு ஓடுது. அது முடியட்டும்" என்றேன்.

பதினெட்டு வருடத்தில் நான் மைக் முன்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. தாள் எதுவும் எடுத்துப் போகவில்லை. என்ன சொன்னேன் என்பது பதிவில் இருக்கிறது, பிறகு கேட்டேன், நாலே வாக்கியம். இந்த நிலையத்தில் பாட்டுத் தேர்வுப் பொறுப்பில் இருக்கிறேன். சற்றுமுன் ஒரு நேயர் கருப்பையா அவர்களைப் பற்றிப் பேசியது தவறு, அதைக் கேட்காமல் ஒலிபரப்பியது நான். பின்னால் வந்த சிரிப்பும் தவறு, அதற்கும் நாங்களே பொறுப்பு. கருப்பையா பேசியதை நேரமில்லை என்று பாதிக்குமேல் வெட்டியிருந்தேன், இப்போது முழுவதும் ஒலிக்கும்.

நாலு நிமிடம் பன்னிரண்டு வினாடி. வாசல் அடி, தூக்கும் அடி, முக்கு அடி, சினிமா அடி எல்லாம். அதற்குப் பிறகு அன்று விவாதம் இல்லை. தொலைபேசியில் விளக்குகள் மின்னிக்கொண்டே இருந்தன, நாங்கள் எடுக்கவில்லை. கடைசிப் பாட்டு முடிந்து ஐந்து மணிச் செய்தி வந்தது.

நான் செய்தது சரிதானா என்று கேட்பீர்கள். திங்கட்கிழமை எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன், அதற்குமேல் ஒன்றும் ஆகவில்லை. சாவுக்குத்து என்ற பெயரில் வகை ஏதும் நான் சேர்க்கவில்லை. என்னை அடுத்து வந்தவர் சேர்த்துவிட்டார், அதுவும் சரிதான், பாட்டு கேட்கிறவர்கள் அப்படித்தானே சொல்கிறார்கள். நிவேதாவின் பதினைந்து நிமிடம் இருபத்தைந்து நிமிடமாக முடிந்தது. அதில் ஓர் இடத்தில் என் பழைய மூன்று விதிகளை வாசித்துவிட்டு, ஒவ்வொன்றாக அடிக்கிறாள். எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் இன்னும் அந்தச் சண்டை நடக்கிறது. தாளம் எதுவாக இருந்தாலும், ஆடுகிறவர்கள் ஒரே திசையைப் பார்த்து வரிசையாக நின்றுவிட்டால் அது குத்து இல்லை என்கிறாள் அவள். ஒருவரை ஒருவர் பார்த்து ஆட வேண்டுமாம். இதுவரை நான் கேட்ட விளக்கங்களில் இது மோசமில்லை. பத்து வருடத்தில் இதையும் யாராவது அடிப்பார்கள்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை ஐந்து மணிக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. நிலையத்தின் வாசல் படியில் போனோடு உட்கார்ந்திருந்தேன். என் கணவர் காரை எடுத்துக்கொண்டு கிளம்பட்டுமா என்று கேட்டார். எந்த ஊர் என்று எனக்கே சரியாகத் தெரியாது, சீட்டில் பேரையூர்ப் பாதை என்றுதான் இருந்தது. கருப்பையாவை மறுபடி அழைக்க விரல் போனது, அழைக்கவில்லை. இந்த முறையும் மகளைத்தான் கேட்பேன் என்று எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை.

ஐந்து இருபதுக்கு நிவியிடமிருந்து ஒரே ஒரு சொல் வந்தது: வாரேன். அதற்குப் பிறகு மறுபடி தொடர்பு எல்லைக்கு வெளியே.

திருமங்கலம் வந்திருப்பாள் என்று ஒரு கணக்குப் போட்டேன். கப்பலூர் தாண்டியிருப்பாள். திருப்பரங்குன்றம் வந்திருப்பாள். தினா இரண்டு முறை டீ வாங்கி வந்தான், இரண்டும் ஆறிப்போயின. சலீம் பாய் பணி முடிந்தும் போகாமல் மகரிப் தொழுதுவிட்டு வந்து எனக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்துகொண்டார். தெருவிளக்கு எரிந்துவிட்டது.

ஏழு மணிக்கு அவள் ஸ்கூட்டர் திருப்பத்தில் வந்தது. மெதுவாக, ஓரமாக, நான் எப்படி ஓட்டச் சொல்வேனோ அப்படி. அதற்குப் பின்னால் அதே வேகத்தில், இன்டிகேட்டரை அணைக்காமல் ஒரு பைக். ஓட்டி வந்தவர் கட்டையான, நரைத்த மீசைக்காரர். பின்னால் மடியில் தூக்குவாளியோடு ஒரு பெண். வழி முழுக்க ஸ்கூட்டருக்குப் பின்னாலேயே வந்திருக்கிறார்கள்.

நிவேதாவின் கண்கள் வீங்கியிருந்தன. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வராமல் ஸ்கூட்டரிடமே நின்றாள். நானும் அவளிடம் போகவில்லை. பைக்கிடம் போனேன்.

"கருப்பையா அண்ணே, போன்ல உங்ககிட்ட முதல்ல கேட்டிருக்க வேண்டியத நான் கேக்கல."

"அதான் ரேடியோவுல சொல்லிட்டீங்களேம்மா."

"ரேடியோவுல சொன்னது ஒலிபரப்புனதுக்கு. போன்ல பேசுனதுக்கு இன்னும் சொல்லல. மன்னிச்சுக்கங்க."

அவர் வண்டியின் ஸ்டாண்டைக் காலால் தட்டிப் போட்டார்.

"கேட்டப்ப வலிச்சுச்சுதான். இல்லேன்னு சொல்ல மாட்டேன்" என்றார். பிறகு தினாவைப் பார்த்தார். "தம்பிதான் சிரிச்சதா?"

தினா தலையைக் குனிந்தபடி வந்து நின்றான். "ஆமாண்ணே."

"வேலைக்குன்னு ஒரு சிரிப்பு இருக்கும்ல, அது எனக்கும் தெரியும்ப்பா. பெரிய வீட்டு வாசல்ல நான் சிரிக்காத சிரிப்பா. ஆனா இனிமே அத மெஷினு முன்னாடி சிரிக்காத."

"சரிண்ணே."

அவர் மனைவி அதற்குள் இறங்கிவிட்டிருந்தார். செல்வி என்று பெயர், பிறகு தெரிந்துகொண்டேன். அவர் எங்கள் யாரையும் கவனிக்கவில்லை. தூக்குவாளியைத் திறந்து, உள்ளே இருந்தது சிந்தியிருக்கிறதா என்று தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். மூடியை அழுத்தி மூடிவிட்டு, நேராக என்னிடம் வந்து அதை என் கையில் கொடுத்தார்.

"காலையில பத்து மணிக்கு எங்க வீட்டுக்கு வந்த பிள்ளை. மத்தியானம் நல்லாத்தான் ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டுச்சு. அந்த ஆளு பேசுனதக் கேட்டதுல இருந்து எங்க மூஞ்சியப் பாக்க மாட்டேங்குது, ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேங்குது. நாங்க எம்புட்டோ சொல்லிப் பாத்துட்டோம். தப்பு பண்ணது அது இல்லன்னு நீங்க சொல்லி, பக்கத்துல உக்காந்து சாப்பிட வைங்கம்மா. அது சாப்பிட்டதப் பாத்துட்டு நாங்க கெளம்புறோம்."